தவழ்வதற்கு ஒரு தரை

போன கோடையில் ஒரு மத்தியானம், சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நடுவில் நாலைந்து டைல்ஸ் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கூரைபோல எழும்பி நின்றன. இடைவெளி விடாமல் பதித்திருக்கிறார்கள், வெயிலில் விரிந்து தூக்கிவிட்டது என்றார் பார்க்க வந்த மேஸ்திரி. ஹால் முழுக்கப் பெயர்த்துப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

கனடாவில் இருக்கும் மகளிடம் அன்றைக்கே சொன்னேன். வழக்கமாக எங்கள் பேச்சு, சாப்பிட்டாயா, குழந்தை தூங்கினானா என்பதோடு முடிந்துவிடும். அன்று அவள் வெகுநேரம் பேசினாள். பேரன் அப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தான். நாங்கள் அவனைப் போனில் மட்டுமே பார்த்திருந்தோம்.

"தீபாவளிக்கு வர்றப்ப அவன் தவழ்ந்துட்டிருப்பான்மா. பளபளன்னு இருக்கறதைப் போட்டுடாதே, வழுக்கும்" என்றாள்.

மறுநாளே நானும் கணவரும் கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். அதுவரை எனக்கு எல்லாமே டைல்ஸ்தான். கடையிலிருந்த பெண் பிரித்துச் சொன்னாள். சாதாரண செராமிக், மண்ணைச் சுட்டு மேலே மெருகு பூசியது; சமையலறைச் சுவருக்குப் போதும். தரையில் கனமாக ஏதாவது விழுந்து பெயர்ந்தால் உள்ளே இருக்கும் செம்மண் நிறம் தெரிந்துவிடும். வெட்ரிஃபைடு இன்னும் அதிகச் சூட்டில் இறுகியது, தண்ணீரை உறிஞ்சாது, ஹாலுக்கு அதுதான் நல்லது. அதிலேயே முகம் தெரிகிற கிளாஸியும் உண்டு, மினுமினுப்பில்லாத மேட்டும் உண்டு.

கணவருக்குக் கிளாஸி பிடித்திருந்தது. வீடு வெளிச்சமாக இருக்குமாம். நான் வீடியோ காலில் மகளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். நம் சாயங்காலம் அவளுக்குக் காலை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்க் காட்டு, கையால் தடவிப் பார்த்துச் சொல் என்றாள். பேரன் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

அந்தக் கடையிலேயே முடித்திருக்கலாம். நான் சேலையூரில் ஒன்று, குரோம்பேட்டையில் ஒன்று, பல்லாவரத்தில் ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கடையிலிருந்தும் அவளைக் கூப்பிட்டேன்.

ஒருநாள் கணவர் கேட்டார்: "உனக்கு டைல்ஸ் பார்க்கணுமா, அவளைப் பார்க்கணுமா?"

அடுத்த நாள் சாயங்காலம் அவரே ஸ்கூட்டரை வெளியே எடுத்து நிறுத்தி, மேடவாக்கம் பக்கம் ஒரு பெரிய கடை இருக்கிறதாம், போய்வரலாமா என்றார்.

கடைசியில் மணல் நிறத்தில் மேட் பதித்தோம். வேலை முடிந்ததும் போன் பேச்சு பழையபடி சுருங்கிவிட்டது. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. கார்த்திகையில் பேரன் தவழும் வீடியோ வந்தது. அவர்கள் வீட்டு மரத்தரையில் சரசரவென்று போனான். அதை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்தோம்.

பொங்கலெல்லாம் கழிந்து, மாசியில்தான் வந்தார்கள். காரிலிருந்து இறக்கிவிட்டதும் அவன் ஷூ காலோடு ஹாலுக்குள் ஓடினான். ஓரடிகூடத் தவழவில்லை. கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் உடனே சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஒரு மத்தியானம் பேரனைத் தூங்கவைத்துவிட்டு மகள் ஹாலுக்கு வந்தாள். கட்டில் இருக்கும்போதே வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தை டைல்ஸில் வைத்துக்கொண்டாள்.

"சில்லுன்னு இருக்கும்மா. கொஞ்ச நேரம் எழுப்பாதே."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைக் கோதினேன். வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள், பள்ளிக்கூட நாட்களில் தூங்குவாளே அப்படி. காலிங் பெல் அடித்தபோதும் நான் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வாடகைக் காரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தோம். பல்லாவரம் தாண்டும்போது தலைக்கு மேல் ஒரு விமானம் ஏறியது.

"அவங்க பிளேன் கிளம்ப இன்னும் நேரம் இருக்கு. இது வேற" என்றார் கணவர்.

எனக்கும் தெரியும். ஆனாலும் ஜன்னல் வழியாக அது மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். அவரும் குனிந்து பார்த்தார்.