சித்தி பழகிய நடை

சித்திரை பிறந்ததும் எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் சமயபுரத்துக்கு நடந்து போகும். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர், பூதலூர், கல்லணை என்று செருப்பில்லாமல் போய்ச் சேர வேண்டும். நான் நாலாம் வகுப்பு முடித்த வருஷம், தானும் வருவதாகச் சித்தி வேண்டிக்கொண்டாள். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. அதற்காகத்தான் வேண்டுதல். அது எனக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். துணைக்கு என்னையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

நடவு, களையெடுப்பு என்று நாளெல்லாம் வயலில் நிற்கிறவளுக்கு நடக்கத் தனியாகப் பழக வேண்டுமா என்று சித்தப்பா சிரித்தார். போய்வந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள்.

"சேத்துல ஊறுன காலுடி இது. தார் ரோட்டுல தஞ்சாவூரு தாண்டாது" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

சித்தி அதை மனதில் வைத்துக்கொண்டாள். பங்குனி மாதம் முழுக்க விடியும்போதே என்னை எழுப்பிவிடுவாள். முதலில் புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் நடந்தோம். ஆற்றில் தண்ணீர் நிறுத்தியிருந்த நேரம். கரை மண் காலுக்கு மெத்தென்று இருக்கும். அடுத்து சரளைக்கல் பாதை. கடைசியாக, வெயில் நன்றாக ஏறிய பிறகு, பட்டுக்கோட்டை போகிற தார் ரோடு. முதல் நாள் அதில் காலை வைத்தவள் சட்டென்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள்.

"என்ன சித்தி, கொக்கு மாதிரி நிக்கிற?"

"பேசாம வாடா. மீனு வருதான்னு பாக்குறேன்."

வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பாதத்தில் தேய்த்துக்கொள்வாள். மாதம் முடிவதற்குள் குதிகால் தடித்துப்போனது. அதை விரலால் தட்டிக் காட்டி, "பாத்தியா, செருப்பு உள்ளயே மொளைச்சிருச்சு" என்பாள்.

பை கட்டுவது தனி வேலையாக நடந்தது. மஞ்சள் சேலைகள், துண்டு, டார்ச் லைட், பொட்டுக்கடலை, குளுக்கோஸ் பாக்கெட், கொப்புளம் வந்தால் குத்திவிட ஊசி நூல். எல்லாவற்றுக்கும் அடியில், கோயில் மரத்தில் தொட்டில் கட்டப் பழைய சேலையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. பையைத் தோளில் மாட்டி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து பார்ப்பாள். கனக்கிறது என்று டார்ச்சை வெளியே எடுப்பாள். மறுநாள் அதுவே திரும்ப உள்ளே போகும். நான் திணித்து வைத்த பம்பரத்தை மட்டும் அவள் எடுக்கவே இல்லை.

நடக்கிறவர்களுக்குக் காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் அடுப்படியில் அம்மாவும் சித்தியும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நெசமாவா? எத்தன நாளு தள்ளியிருக்கு?" என்றாள் அம்மா.

சித்தி சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"அப்பறம் என்னடி. நடக்க வைக்காமயே ஆத்தா குடுத்துட்டா. இந்த வெயில்ல நடந்து கெடுத்துக்காத. அடுத்த வருஷம் இடுப்புல வச்சுக்கிட்டுப் போவ."

என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. அவ்வளவு பெரிய பையை எப்படி இடுப்பில் வைத்துக்கொண்டு போக முடியும் என்று நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதால், எனக்குப் புரியாதது பெரியவர்கள் தப்பாகச் சொன்னதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் எனக்கு உண்டு.

மறுநாள் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூசாரி ஒவ்வொருவருக்காகக் காப்புக் கட்டினார். சித்தி போகவில்லை. என்னையும் விடவில்லை. சில நாள் கழித்து மேளத்தோடு கூட்டம் கிளம்பியபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். எதிர்வீட்டு அத்தை மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வந்து நின்றாள்.

"என்னடி, மாசம் பூரா ரோட்ட அளந்த. இப்ப ஊருலயே நின்னுட்ட?"

"காலு வலிக்கிது அத்த" என்றாள் சித்தி. காலில் வலி உள்ளவள் முகம் மாதிரியே இல்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கோபத்தில் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளை அடுப்படியில் காணோம். கொல்லையில், மாதத்தில் சில நாள் வீட்டுப் பெண்கள் ஒதுங்கி இருக்கிற கொட்டகையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா காப்பியைத் தள்ளி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நான் நடந்திருக்கணும்க்கா" என்றாள் சித்தி. "சொன்னபடி நடந்திருக்கணும்."

நடக்க வேண்டாம் என்று சொன்னவள் அம்மாதானே.

நாள் தள்ளிப்போனதை நம்பிச் சித்தி பயணத்தை விட்டாள் என்பதும், அந்த நம்பிக்கை அன்று விடியும்போது இல்லாமல் போயிருந்தது என்பதும், அந்த நிலையில் மஞ்சள் சேலையைத் தொடவும் கூடாது என்பதும் நான் வளர்ந்த பிறகு ஒன்றோடொன்று சேர்த்துப் புரிந்துகொண்டவை. வாக்கை மாற்றியதால்தான் போயிற்று என்று அவள் நினைத்திருப்பாள். கல்லூரியில் படித்துவிட்டு வந்து, அப்படியெல்லாம் இல்லை சித்தி என்று சொல்ல நினைத்திருக்கிறேன். அதற்குள் அவள் நினைத்து முடித்து வெகுகாலம் ஆகியிருந்தது. எந்தச் சித்திரையிலும் அவள் பிறகு நடந்து போகவில்லை. கையில் தூக்கிப் போகப் பிள்ளையும் வரவில்லை.

அன்று எனக்குக் கேட்டதெல்லாம், நடந்திருக்கணும் என்ற ஒரு சொல்தான். வழி எனக்குத் தெரியும். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல சித்தி. பஸ்ஸுல பூதலூரு போயிட்டா அவுங்களப் புடிச்சிரலாம். பைய நான் தூக்கிக்கிறேன். வா."

எழுப்புவதற்குக் கையை நீட்டினேன். "தொடாதடா தம்பி" என்று பின்னால் நகர்ந்துகொண்டாள். "இப்பப் போவக்கூடாது."

"நேத்தும் போவக்கூடாதுன்ன. இன்னிக்கும் கூடாதுன்னா எப்பத்தான் போறது?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சித்தி அழுதாள். திருவிழாவும் ராட்டினமும் போய்விட்டதே என்று எனக்கு இருந்த அதே வருத்தம்தான் அவளுக்கும் என்று பட்டது. ஆகவே என் கோபத்தை விட்டுக்கொடுத்தேன்.

"அழுவாத சித்தி. அடுத்த வருஷம் போலாம். ஆத்தா எங்கயும் போயிடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாண்டா" என்றாள்.

அழுகிற பெரிய மனுஷியை நானே சமாதானம் செய்துவிட்டேன் என்ற பெருமையோடு விளையாடப் போனேன்.