இன்னும் கொஞ்சம் பாருங்க

மகளுக்கு ஒரு வயது ஆவதற்குள் நான் வேலைக்குத் திரும்பவேண்டி வந்தது. வீடு அடையாறில், அலுவலகம் தேனாம்பேட்டையில். மயிலாப்பூரில் ஒரு மாமி தன் வீட்டு முன்னறையில் நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் அவளை அங்கே விட்டுவிட்டு அதே ஆட்டோவில் அலுவலகம் போவேன். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் முதல் போன் செய்துவிடுவேன்.

"இப்பத்தானேம்மா விட்டுட்டுப் போனே?" என்பார் மாமி.

பிறகு டீ நேரத்தில் ஒருமுறை, சாப்பாட்டுக்கு முன்னால், பின்னால். குரல் மட்டும் போதாது, வீடியோவில் பார்க்க வேண்டும். தூங்குகிறாள் என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம். "கொஞ்சம் கிட்ட காட்டுங்க மாமி, வயிறு ஏறி இறங்குதான்னு பார்க்கணும்" என்பேன். சொன்ன பிறகு வெட்கமாக இருக்கும். ஆனாலும் பார்ப்பேன். இவளுக்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இதயம் நின்றுபோனது. அந்த வாரம் அலுவலகத்தில் வேலை அதிகம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டிருந்தேன். முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நான் பாதி நம்புகிறேன்.

ஒரு சாயங்காலம் குழந்தையை அழைத்துவரப் போனபோது மாமி என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதே. அவ நன்னா வெளையாடிண்டிருக்கா. நீ போன் பண்றே. உன் மூஞ்சியைப் பார்த்த உடனே ஓன்னு அழறா. அவளைப் பார்த்து மத்ததெல்லாம் அழறது. எல்லாத்தையும் சமாதானம் பண்ணி உட்கார வெச்சா, திரும்ப நீ."

"குறைச்சுக்கறேன் மாமி."

"குறைக்கறதெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் பண்ணவே பண்ணாதே. முடியாதுன்னா வேற எடம் பார்த்துக்கோ. எனக்கும் வயசாறது."

வேறு இடமெல்லாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஒன்றில் நாள் முழுக்க டிவி, இன்னொன்றில் நுழையும்போதே ஃபினாயில் நெடி. இந்த இடமும் போனால் வேலையை விட வேண்டியதுதான்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "அவங்க சொல்றதுல என்ன தப்பு? ஏதாவதுன்னா அவங்களே கூப்பிட மாட்டாங்களா?" என்றார்.

"கூப்பிட நேரம் இருக்கணுமே" என்றேன்.

முதல் குழந்தையைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை. அவர் எழுந்துபோய்ப் பால் புட்டிகளைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் நான் போன் செய்யவில்லை. கைப்பேசியைப் பையில் போட்டு, பையை மேசைக்கடியில் தள்ளி வைத்தேன்.

தி. நகர் துணிக்கடைகள் சிலவற்றுக்கு பில் போடும் மென்பொருளை எங்கள் அலுவலகம்தான் நடத்துகிறது. அது ஒரே இடத்தில் ஓடுவதில்லை. சின்னச் சின்னப் பெட்டிகளாக, கண்டெய்னர்கள் என்பார்கள், பல கணினிகளில் பரவி ஓடும். அவற்றையெல்லாம் மேய்ப்பதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. அது ஒவ்வொரு கண்டெய்னரையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்: உயிரோடு இருக்கிறாயா? பதில் வராவிட்டால் கொன்றுவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றைத் தொடங்கும். எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்பது, எத்தனை முறை பொறுப்பது என்பதை நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பில் மென்பொருளுக்கு எழுதியது நான். அடிக்கடி கேள், இரண்டு முறை பதில் வராவிட்டால் போதும் என்று வைத்திருந்தேன்.

தீபாவளிக் கூட்டத்துக்கு முன்னால் அந்த மேய்ப்பு மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறுவதென்று முடிவாகியிருந்தது. முன்பெல்லாம் ஒரு கண்டெய்னருக்கு இன்னும் கொஞ்சம் நினைவகம் கொடுக்க வேண்டுமென்றால்கூட அதைக் கொன்றுதான் புதிதாகத் தொடங்க வேண்டும். புதிய பதிப்பில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டிக் கொடுத்துவிடலாம். முதலில் படித்தபோது எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் புதிய பதிப்புக்கு மாறும் அந்த ஒருமுறை எல்லாமே நின்று திரும்ப எழ வேண்டும்.

அன்றுதான் மாற்றினோம். எழவில்லை. திரையில் பில் கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாக வந்தன, சிவந்தன, மறைந்தன. திரும்ப வந்தன, திரும்பச் சிவந்தன. கடைகளிலிருந்து போன் வரத் தொடங்கியது. பக்கத்து இருக்கைக்காரர், எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்பவர், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பதிவுகளைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, அது எந்திரிச்சி மூஞ்சி கயுவறதுக்குள்ள போட்டுத் தள்ளிக்கினே கீறீங்க?"

"பதில் வரலையே."

"எப்டி வரும்? தீபாவளி வெலப் பட்டியல் மொத்தத்தயும் படிச்சிக்கினு கீது. ரொம்ப ஸ்லோ. பதில் வரலன்னா பூட்ச்சின்னு அர்த்தமா? இன்னும் கொஞ்சம் பாக்கலாம்ல?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எழுந்து வரும் நேரத்துக்கென்றே ஒரு தனிச் சோதனை உண்டு. அது முடியும்வரை 'உயிரோடு இருக்கிறாயா' என்ற கேள்வி தொடங்காது. அதைச் சேர்த்தேன். கை தானாகச் செய்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் பச்சையாகி, கடைகளிலிருந்து வந்த போன்களும் நின்றன. "அவ்ளோதான் மேடம், டீ வாங்கிக் குடுங்க" என்றார் அவர். நான் படிக்கட்டுக்குப் போய் நின்றேன்.

முதல் குழந்தையின்போது, அன்றைக்கு ஸ்கேன் அறையில் டாக்டர் கருவியை என் வயிற்றில் வைத்து அங்குமிங்கும் நகர்த்திவிட்டு, எடுத்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் பாருங்க" என்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. திரும்ப வைத்தார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். மூன்றாம் முறையும் வைத்தார். எவ்வளவு நேரம் கேட்டேனோ அவ்வளவு நேரமும் கொடுத்தார். திரையில் எதுவும் அசையவில்லை.

மாமிக்குப் போன் செய்திருப்பேன். பை மேசைக்கடியில் இருந்தது. அந்த மேசைவரை நடக்க முடியாமல் நின்றேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் மயிலாப்பூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காது கொடுத்தேன். அழுகைச் சத்தம் இல்லை. இல்லாததும் பயமாக இருந்தது. உள்ளே மகள் ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் இன்னொன்றைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குனிந்து திரும்ப டம்ளரைப் போட்டாள்.

"இன்னிக்கு ஒரு தடவைகூட அழலை" என்றார் மாமி. "நாளைக்கும் இப்படியே இரு."

"சரி மாமி."

தூக்கினேன். என் தோளில் இருந்தபடி மாமியைப் பார்த்துக் கையை நீட்டினாள். மாமி சட்டென்று உள்ளே போய்விட்டார், அவள் பார்க்க வேண்டாம் என்று.

ஆட்டோவில் மந்தைவெளி தாண்டுவதற்குள் மடியில் தூங்கிவிட்டாள். என் விரல் அவள் மூக்கருகே போனது. பக்கத்தில் ஒரு பேருந்து ஹாரனை அழுத்திக்கொண்டு வந்ததில் மூச்சுப் படுகிறதா என்று தெரியவில்லை. விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். அடையாறு பாலத்தில் காற்று அடித்தது, அப்போதும் தெரியவில்லை. எழுப்பிவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, கன்னத்தை லேசாகத் தட்டினேன். விழித்து, என் முகத்தைப் பார்த்து, அழுதாள்.