ஆம்பூரைக் காத்த இரண்டு இருக்கைகள்

ஆம்பூர் மீது எந்த நாட்டு விமானமும் குண்டு போட்டதில்லை. டேனரித் தெரு டீக்கடை பெஞ்சில் ஜம்புலிங்கமும் அமீர் பாஷாவும் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

உலக யுத்தத்தில் இருவரும் சென்னைக் கடற்கரையில் ஒரே விமான எதிர்ப்புப் பீரங்கியில் இருந்தவர்கள். அதில் இரண்டு இருக்கை. இடப்பக்கம் ஜம்புலிங்கம் சக்கரம் சுற்றினால் குழல் பக்கவாட்டில் திரும்பும். வலப்பக்கம் பாஷா சுற்றினால் மேலும் கீழும் போகும். குறி சிக்கியதும் இருவரும் தனித்தனியே இங்கிலீஷில் "ஆன்!" என்று கத்த வேண்டும். இரண்டு "ஆன்" விழுந்தால்தான் குண்டு போகும். அவர்கள் வீழ்த்தப் பார்த்த ஒரே எதிரி, பயிற்சிக்காக நம் விமானமே கயிற்றில் கட்டி இழுத்து வந்த நீளத் துணிப்பை. அதில் விழுந்த ஒற்றை ஓட்டையும் எலி கடித்தது என்று சொல்லும் கட்சி உண்டு.

யுத்தம் முடிந்து இருவரும் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வேலைக்கு வந்தார்கள். பெஞ்சிலும் ஜம்பு இடது, பாஷா வலது. மேலே விமானம் போனால் ஒரு கை பக்கவாட்டில் சுற்றும், இன்னொன்று உயரத்துக்குச் சுற்றும். "ஆன்!" "ஆன்!" அப்புறம்தான் டீ.

அறுபதாம் வருஷம் அமெரிக்க வேவு விமானத்தை ரஷ்யா ராக்கெட்டால் வீழ்த்திய செய்தி பேப்பரில் வந்தது. ஜம்புலிங்கம் அன்றே ரஷ்யக் கட்சியில் சேர்ந்தார்.

"அறுபதாயிரம் அடிக்கு மேல, பாய்! நம்ம குண்டு அதுல கால்வாசி ஏறுமா?"

"தென்னமரத்த ஒரசிட்டு வந்தா உன் ரஷ்யாக்காரன் இன்னா பண்ணுவான்? சலாம் போடுவானா? தாழ வர்றத அடிக்க அமெரிக்காக்காரன் 'ஹாக்'னு ஒண்ணு வச்சிருக்கான், ஜம்பு."

"அது இன்னும் ஒரு காக்காயக்கூட அடிக்கல."

"நீ மட்டும் இன்னாத்த அடிச்ச? துணிப்பை!"

"அந்த ஓட்டை என் குறி, பாய். நீ சும்மா உக்காந்திருந்த."

பாஷா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து எதிர்க்கடை.

ஜம்புலிங்கத்துக்கு அதன்பின் ரஷ்ய ராக்கெட்டிலும் ஒரு குறை தெரிந்தது.

"ரெண்டு பேர் உக்கார எடமே வைக்கல, அம்சா. எல்லாத்தையும் ரேடாரே பாத்துக்குதாம்" என்றார் மனைவியிடம்.

"ராக்கெட்டுக்காகவா தோஸ்த்த வுடுவாங்க?" என்றாள் அம்சவேணி. "எதிர்க்கடைக்குப் போய்ட்டு வாங்களேன்."

"ரஷ்யா அப்டியெல்லாம் எறங்கி வராது."

ஆனால் விமானம் போகும்போதெல்லாம் கை தானாகச் சுற்றியது. மெதுவாக "ஆன்" என்பார். எதிர்க்கடையில் கண்ணாடி டம்ளர் கழுவும் சத்தம் மட்டும் கேட்கும். இப்படி எத்தனையோ விமானங்கள் அரைகுறை ஆபத்தோடு ஆம்பூரைக் கடந்து போயின.

அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு மறுபடி யுத்தம். ஒரு காலை, டேனரி புகைபோக்கியை இடிப்பதுபோல் நம் விமானம் ஒன்று வந்தது. தெருவே வெளியே ஓடிவந்தது. ஜம்புலிங்கம் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தபடியே, பக்கவாட்டில் கையைச் சுற்றி, ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துக் கத்தினார்.

"ஆன்!"

விமானம் மலைக்குப் பின்னால் மறைந்தது. சத்தமும் அடங்கியது. ஜனங்கள் உள்ளே போனார்கள். அப்புறம் எதிர்க்கடையிலிருந்து, ரொம்ப நிதானமாக:

"ஆன்."

ஜம்புலிங்கம் எதிர்க்கடைப் பக்கம் திரும்பினார். "லேட்டு, பாய். இந்நேரம் ஜோலார்பேட்டை தாண்டிருக்கும்."

"தாண்டட்டுமே" என்று டம்ளரோடு தெருவைக் கடந்தார் பாஷா. "உன் ரஷ்யாக்காரன் தொரத்திப் புடிப்பான். இன்னா பேஜார்?"

"எட்டாது, பாய். ரொம்பத் தாழப் போச்சு."

சொல்லிவிட்டு ஜம்புலிங்கம் பெஞ்சின் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.