சொந்தக்காரர் வீடுகள் வழியே ஒரு நடைப்பயணம்

"பஸ் இல்லாம மூணு நாள் நடந்துருவியா கண்ணு?" என்று சிரித்தாள் என்னுடன் வேலை செய்யும் நாமக்கல் கவிதா. வெளிமாநில மலைப்பாதையில் அவள் நடந்த படங்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள், கொல்லிமலையில் பிறந்தவள் நான், அவளுக்குக் குறைச்சலா?

மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டு ஊர்களிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை மூன்று நாள் நடைக்குத் திட்டமிட்டேன். சாப்பிடவும் தங்கவும் சொந்தக்காரர் வீடுகளைக் குறித்துக்கொண்டு, ஒத்திகையாக ஒருநாள் நடந்தேன்.

"வெறும் வயித்தோட போவியா சாமி?" என்று வீட்டுக்கு வீடு உட்காரவைத்துவிட்டார்கள். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். காட்டுக்குள் நுழையும்போதே இருட்டிவிட்டது. ஓடையில் வழுக்கி, பள்ளத்தில் விழாமல் ஒரு வேரைப் பிடித்துத் தப்பினேன்.

இப்போது சொந்தக்காரர் இல்லாத ஊர்கள் வழியாகத் திட்டத்தை மாற்றிவிட்டேன். பொறாமை மட்டும் போகவில்லை. கவிதாவையும் கூப்பிட்டுவிட்டேன், முன்னால் நான்தான் நடப்பேன் என்று சொல்லி.