கோபுரம் வரைக்கும் வந்த பாட்டு

சுதந்திர தின ஊர்வலத்தில் பழைய மாணவர்களின் பேண்டு வாசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொன்னதும், நான் முதலில் கேட்டது: "டிரம்முக்கு அவன் வர்றானா?" வருகிறான் என்றார்கள். அந்தப் படபடப்பில், வேங்கிக்காலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் நாலு காப்பி கேட்டவருக்கு நாற்பது எடுத்துக் கொடுத்தேன்.

அவன் என்றால், பள்ளி பேண்டில் என் பக்கத்தில் நடந்த டிரம்காரன். நான் ஃபைஃப், முழங்கை நீளக் குழல்தான், சத்தம் மட்டும் தெருவையே கூட்டும். இருவரும் மிலிட்டரி பேண்டு தேர்வுக்குப் போனோம். மார்பை விரிக்கச் சொன்னார்கள். இழுத்த மூச்சைப் பயத்தில் விடவே மறந்து மயங்கி விழுந்தேன். அவன் பட்டாளத்துக்குப் போனான். நான் பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். அப்புறம் அவன் லீவில் வருவான், டீ குடிப்போம், பேசுவோம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு சேர்ந்து வாசித்ததே இல்லை. இப்போது ரிட்டையராகி, மகளோடு இருக்க புனேவுக்குப் போகிறான். ஊர்வலத்துக்கு மறுநாள் ரயில். ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை அவனோடு வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒத்திகையில் பாட்டைத் துண்டு துண்டாகத்தான் வாசித்தோம்; நடுவே அவன் கதை சொன்னான்.

"மச்சான், அந்தக் காலத்துல எழுந்திரு, சாப்பிடு, முன்னால போ, பின்வாங்கு எல்லாத்தையும் சிப்பாய்க்கு டிரம்மும் குழலும்தான் சொல்லும். வெள்ளைக்காரன் அவன் ஊர்லேர்ந்து கொண்டாந்தது. துப்பாக்கிப் புகையில கண்ணு தெரியாது, இந்தக் கீச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் பியூகிள்னு பித்தளைக் கொம்பு வந்து உன் வேலையைப் புடுங்கிடுச்சு."

"என் வேலையை யாரும் புடுங்கலடா. நானே கீழ போட்டுட்டு வந்தேன்."

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதி.

ஊர்வலம் நன்றாகத்தான் கிளம்பியது. தேரடித் தெருவில் திரும்பியதும் எதிரே ராஜகோபுரம். எங்கள் ஊர்க்காரன் ஸ்கூட்டரில் போனாலும் சரி, சண்டை போட்டுக்கொண்டே போனாலும் சரி, அங்கே கை தானாகக் கன்னத்துக்குப் போகும். ஐந்து குழல்காரர்களும் ஒரே நேரத்தில் குழலை அக்குளில் செருகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பாட்டு நின்றது. டிரம் மட்டும் தனியாக நடந்துகொண்டிருந்தது.

மற்ற நாலு பேரும் சட்டென்று மறுபடி பாட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். எனக்குப் பாட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

"ஊதுடா!" அடிக்கு நடுவே அவன் கத்தினான்.

"எந்த இடம்னு தெரியலடா!"

"எங்கயாச்சும் ஊது!"

ஊதினேன். வெறும் காற்று வந்தது. வேர்த்த கையில் குழல் வழுக்கியது. இடத்தைக் கண்டுபிடித்தபோது மைதானம் வந்துவிட்டது. அவன் கடைசி அடியை அடித்துவிட்டான்.

மேடையில் யாரோ பேச ஆரம்பித்தார். நாங்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். அவன் மடியிலிருந்த டிரம்மின் விளிம்பில் விரலால் மெல்லத் தட்ட ஆரம்பித்தான், முதலிலிருந்து. நான் குழலை எடுத்து, வாயில் வைக்காமல், துளைகளில் விரலை ஓட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் இடம் தவறிவிடும். கடைசிவரை வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

மறுநாள் அவன் ரயிலேறிவிட்டான். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது அவனோடு சத்தமாக வாசிக்க வேண்டும்.