சுக்குக் கிடங்கின் குளிகை டப்பா

கற்பகத்தைப் போல ஓர் அழுத்தக்காரியைக் கொச்சி மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. தென்காசிப் பக்கத்துக்காரி. பதினெட்டு வருஷமாக யூதர் தெரு அருகே சுக்குக் கிடங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கிறாள். புழு குத்திய துண்டு ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பியதே இல்லை. புருஷன் போன பிறகு அந்தக் கண்ணை நம்பித்தான் மகள் மகாவை நர்சிங் படிக்க வைத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் போன மழைக்காலத்தில் நல்லதையும் கழிவையும் ஒரே முறத்தில் போட்டாள்.

“அடியே, கண்ணை வீட்ல வெச்சிட்டு வந்தியா?” என்று கத்தினேன்.

“எதைப் பாத்தாலும் நடுவுல வட்டமா மங்கலா இருக்குக்கா. இருபது நாளாச்சு.”

இருபது நாள்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முறத்தாலேயே ரெண்டு போட்டிருப்பேன். அன்றைக்கே பக்கத்துக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, திரை எழும்பியிருக்கிறது என்றார். தலைவலியும் இருப்பதால் உள்ளே அழற்சியாக இருக்கலாம், ஸ்டீராய்டு ஊசி வேண்டியிருக்கும் என்று சொல்லி எர்ணாகுளத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் டாக்டர் ஸுப்ரியா. கற்பகத்தின் தாடையை ஒரு கருவியில் வைத்து இரண்டு கண்ணையும் ஸ்கேன் எடுத்தார். பிறகு கை நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றி இன்னொரு படம். முடித்ததும் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

“இது போல நீர் ரெண்டு நோய்ல வரும் சேச்சி. ஒண்ணு அழற்சி. அதுக்கு ஸ்டீராய்டு சட்டுனு கொடுக்கணும், தாமசிச்சா பார்வை போகும். ஆனா அதுல நீர் அறை அறையா பிரிஞ்சு நிக்கும், சாயம் பல இடத்துல ஒழுகும். இவங்களுக்கு ஒரே குமிழா நிக்குது. சாயமும் ஒவ்வொரு கண்ணுலயும் ஒரே புள்ளிலதான் ஒழுகுது. இது மத்த நோய். இதுக்கு ஸ்டீராய்டு கொடுத்தா இருக்கிற பார்வையும் கெடும்.”

பிறகு கற்பகத்தைப் பார்த்தார். “மூச்சுக்கோ முட்டுவலிக்கோ குளிகை ஏதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணுமில்ல டாக்டர்,” என்றாள் கற்பகம், தரையைப் பார்த்துக்கொண்டே.

பச்சைப் பொய். எங்கள் கிடங்கில் ஒருத்தி டாக்டரைப் பார்த்தால் பத்துப் பேர் அந்த மருந்தைச் சாப்பிடுவோம். ஜன்னலில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் எல்லாருடைய குளிகையும் கிடக்கும். சுக்குத் தூசியில் எனக்கு இழுப்பு வந்தபோது ஐந்து நாளைக்கென்று எழுதித் தந்த வெள்ளைக் குளிகையை, பழைய சீட்டைக் காட்டிக் காட்டி வாங்கி டப்பாவை நிரப்பியவள் நான். கற்பகத்துக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் அதை வாயில் போட்டதும் நான்.

யா அல்லா! இடுப்புப் பையிலிருந்த குளிகை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“அவ பொய் சொல்றா டாக்டர். எட்டு மாசமா இதை நானும் சாப்பிடறேன், அவளுக்கும் நான்தான் கொடுக்கறேன்.”

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். “இதுவேதான் ஸ்டீராய்டு. கண்ணுல நீர் கோத்ததுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.” திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ரெண்டு பேரும் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, மூச்சுக்கு வேறு வைத்தியம் செய்ய எங்கள் இருவரையும் நெஞ்சு டாக்டரிடம் அனுப்பினார்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “ஏண்டி மறைச்சே? இன்னும் அதையே முழுங்கிட்டிருந்தா கண்ணு என்னாகியிருக்கும்?”

“மூச்சு முட்டிக் கெடந்தப்ப நீதானக்கா தந்தே. ஒன்னைய எப்படிக் காட்டிக் கொடுக்க?”

“உன் கண்ணை விடவாடி நான் பெருசு?” நடுரோட்டில் நின்று அழுதேன். பாவி, அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது கண் குமிழ் அமர்ந்துவிட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம். டப்பாவில் இப்போது புளிப்பு மிட்டாய்தான் இருக்கிறது. நேற்று அவள் கை என் முறத்துக்குள் நீண்டு ஒரு துண்டை எடுத்தது.

“யக்கா, புழு குத்துனது. கண்ணை வீட்ல வெச்சிட்டு வந்தியா?”

கிடங்கே சிரித்தது. நானும் தலையில் அடித்துக்கொண்டேன். தினம் காலையில் அப்படி ஒரு துண்டைத் தேடி எடுத்து, அவள் கண் தேறுகிறதா என்று பார்க்க நானே என் முறத்தில் போட்டுவைக்கிறேன் என்பதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.