பூட்டிக் கிடந்த காப்பகம்

எங்கள் தையல் ஆலையில் சட்டைக் காலர் தைப்பவளைக் காலர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் காலர் கொடுத்தால்தான் அடுத்த மெஷினில் இருக்கும் நான் அதைச் சட்டையில் வைத்துத் தைக்க முடியும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம்.

மாமியார் படுத்த படுக்கையானதும் அவளுடைய சின்ன மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலையை விட்டுவிடுவதா என்று அல்லாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ‘வேலையும் குடும்பமும்’ என்று ஒரு திட்டத்தை முதலாளி ஆரம்பித்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய துணி அறைக்குப் பெயிண்ட் அடித்து, பொம்மைகளை வைத்து, குழந்தைகள் காப்பகம் என்று போர்டு மாட்டினார்கள். சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்த அன்று பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார்கள். காலர்க்காரியின் மகளை மடியில் வைத்து முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டார்.

“இனிமே எனக்குக் கவலையில்லக்கா” என்றாள் அவள். நானும் நம்பினேன். எங்கள் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மறுநாள் மகளோடு வந்தால் அறை பூட்டிக் கிடக்கிறது. “ஆயா, கதவத் தொற” என்று பிள்ளை தட்டுகிறது. முந்தின நாள் ஆயாவாக நின்றவளோ பழையபடி சட்டை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

மேனேஜர் வந்தார். “அது வந்தவங்களுக்குக் காட்டறதுக்கும்மா. பிள்ளைய வீட்ல விட்டுட்டு வா.”

“வீட்ல யாரு சார் இருக்கா?”

“அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?”

வாயாடி நேரே உள்ளே போய் மகளை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்தாள். காலர் வராமல் என் கை நின்றது. பிறகு பட்டன் நின்றது, இஸ்திரியும் நின்றது. வேறொருத்தியைக் காலர் தைக்கச் சொன்னார் மேனேஜர். ஊசியில் நூல் கோக்கக் குனிந்தவள் கோத்து முடிக்கவேயில்லை.

அன்று சரக்கு லாரி ஏறியாக வேண்டும். முதலாளியே சாவியோடு இறங்கி வந்தார்.

“உங்கள எல்லாம் குடும்பம் மாதிரிதானே வெச்சிருக்கேன்?” என்று அலுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். உள்ளே ஒரு பொம்மைகூட இல்லை. வாடகைக்கு எடுத்தவையாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“தொறந்தா மட்டும் போதாது சார், ஆயாவும் வேணும். சாவி எங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் காலர்க்காரி. லாரி வாசலில் நின்றதால் சாவியைக் கொடுத்தார், சட்டை மடிப்பவளையும் ஆயாவாக அனுப்பினார்.

இப்போது நாங்கள் லீவு போடுவது குறைந்துவிட்டதாம், சரக்கு நேரத்துக்குப் போகிறதாம். எல்லாம் தன் யோசனை என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறார் மனிதர். போன வாரம் மறுபடியும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலாளி வேகவேகமாக வந்து காலர்க்காரியிடம் சாவி கேட்டார்.

அவள் தையலை நிறுத்தவில்லை. “தெனமும் தொறந்துதான் சார் இருக்கு” என்றாள்.